பழைய வீடு வாங்குமுன்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் பேசியது)



விதை, உரம், பூச்சி மருந்து என்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம், காவிரிப் பாசனப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் எழுதிய கடிதம். மூன்று ஏக்கர் சாகுபடிக்காரர். 2021இல் தம் ஊரிலேயே பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை அண்ணன் தம்பி இருவரிடமிருந்து 8 லட்சம் ரூபாய்க்குக் கிரயம் வாங்கியிருக்கிறார். உழவு மாட்டை விற்று, மனைவியின் நகையை அடகு வைத்துச் சேர்த்த பணம். பிறகு ஓட்டைப் பிரித்து மாடியும் போட்டுவிட்டார். குடி புகுந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கிறது. வீட்டை விற்றவர்களுக்கு ஒரு தங்கை உண்டாம். "மேற்படி வீட்டில் மூன்றில் ஒரு பாகம் எனக்குப் பாத்தியப்பட்டது, என் பாகத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியது" என்று அந்த அம்மாள் நோட்டீஸ் விட்டிருக்கிறார்.

நேயர் கேட்கிறார்: "பதிவு செய்த பத்திரம் கையில் இருக்கிறது. பட்டா மூத்தவர் பேரில் இருந்தது. முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரரே பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதற்கு மேல் நான் என்னங்க செய்திருக்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த நாலையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணி வைக்கிறோம். ஆனால் இந்த நாலில் ஒன்றுகூட, விற்கிறவருக்கு அந்த வீடு முழுக்கச் சொந்தமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதைத்தான் இன்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் பத்திரம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, மனை, நிலத்தை விற்பது என்றால் கிரயப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத சங்கதி என்னவென்றால், பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார் என்பதற்கான அத்தாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அது சொந்தம் என்று சர்க்கார் கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. இரண்டு பாகம் உள்ளவர்கள் மூன்று பாகத்தையும் எழுதிக் கொடுத்தால், வாங்கினவருக்குக் கிடைப்பது இரண்டு பாகம்தான். மூன்றுக்கும் பணம் கொடுத்திருக்கிறேனே என்றால், அது விற்றவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கு.

அடுத்தது பட்டா. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. யாரிடம் தீர்வை வாங்குவது, யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்காக ஏற்பட்டது. உரிமைக்கு அது ஒரு துணைச் சாட்சி. அதுவே உரிமை ஆகிவிடாது. நம் கிராமங்களில் பட்டா எப்படி ஏற்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 1979இல் தொடங்கி 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளைத் திருத்தி எழுதினார்கள். நத்தம் மனைகளுக்கு அதற்குப் பிறகு தனியாகக் கணக்கெடுத்துப் பட்டா கொடுத்தார்கள். அதிகாரி வந்த அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் யார் இருந்தாரோ, யார் வீட்டு வரி ரசீதைக் காட்டினாரோ, அவர் பேர் ஏறியிருக்கும். அது பெரும்பாலும் மூத்த மகனாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வெளியூர் போன மகளின் பேரை அன்றைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வீட்டு வரி ரசீது, மின்சார அட்டை எல்லாம்கூட இதே கதைதான்.

மூன்றாவது, வில்லங்கச் சான்று. இது அவசியம் பார்க்க வேண்டியது, சந்தேகமே இல்லை. 1975 முதலான பதிவுகளை இப்போது பதிவுத் துறையின் இணைய தளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் ஆபீசில் மனுப் போட வேண்டும். ஆனால் வில்லங்கத்தில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். ஒருவர் செத்துப்போனதும் அவருடைய சொத்து பிள்ளைகளுக்கு இறங்குகிறதே, அதற்குப் பத்திரம் கிடையாது, பதிவும் கிடையாது. தகப்பனார் மூச்சு நின்ற அந்த நிமிஷமே வாரிசுகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. வில்லங்கத்தில் ஒரு வரி ஏறாது. ஆகவே நம் நேயர் பார்த்த வில்லங்கம் சுத்தமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வில்லங்கத்தைச் சர்வே நம்பரை வைத்துத்தான் தேடுகிறார்கள். கிராமத்து வீட்டுப் பத்திரங்களில் பழைய நம்பர் இருக்கும், அல்லது நம்பரே இல்லாமல் நான்கு எல்லை மட்டும் எழுதியிருக்கும். புது நம்பரை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய பத்திரம் அகப்படாமல் போகலாம். பழைய நம்பர், புது நம்பர், கதவு எண் எல்லாவற்றையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். எல்லையைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். "தெருவுக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால், வீடு தெருவுக்கு வடபுறம் இருக்கிறது, தெரு வீட்டின் தென் எல்லை என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுச் சண்டை போட்ட குடும்பங்கள் உண்டு.

நாலாவது, சாட்சிக் கையெழுத்து. இதை நம்பி ஏமாறுகிறவர்கள் மிக அதிகம். "மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்டுட்டாரு, இனிமே அந்தப் பொண்ணு என்ன கேக்கப் போவுது?" என்பார்கள். சாட்சி என்பவர், எழுதிக் கொடுத்தவர் தம் கண் முன்னால் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் சாட்சி. சாட்சி போட்டதனாலேயே அவர் எழுதிக் கொடுத்தவர் ஆகிவிட மாட்டார். அதிலும், பெண்டாட்டியின் சொத்துக்குப் புருஷன் போடும் சாட்சிக் கையெழுத்து எதற்கு ஆகும்? அந்தப் பங்கு அந்த அம்மாளுடையது. அவர் கையெழுத்து ஒன்றுதான் செல்லும்.

சரி, அந்த அம்மாளுக்கு மூன்றில் ஒன்று எப்படி வந்தது? கடிதத்தில் கண்டபடி, வீட்டை 1972இல் தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறார். 1996இல் உயில் எழுதாமல் காலமானார். அப்போது இருந்தவர்கள் மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த நாலு பேருக்கும் சமமாக நாலில் ஒரு பங்கு. 2009இல் தாயாரும் காலமானார். அவருடைய பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று. மகள் கல்யாணமானவளா, ஆகாதவளா என்ற பேச்சே இந்தக் கணக்கில் இல்லை. தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது நேற்று வந்த சட்டம் அல்ல, 1956லிருந்து இருக்கிறது.

"அதான் முப்பது பவுன் போட்டுச் சீர் செய்தாச்சே, அவளுக்கு இனிமே இதிலே என்ன இருக்கு?" என்று அண்ணன்மார் கேட்பது உண்டு. சீர் செய்தது பாசத்துக்கும் ஊர் மெச்சவும் செய்தது. சொத்துப் பங்குக்கு ஈடாகத்தான் அதை வாங்கிக்கொண்டேன் என்று அந்தப் பெண் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தால் ஒழிய, பங்கு அப்படியேதான் இருக்கும். "பன்னிரண்டு வருஷமா நாங்கதான் அனுபவிக்கிறோம்" என்ற வாதமும் இங்கே லேசில் எடுபடாது. கூட்டுப் பங்குதாரரில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்கள். உனக்குப் பங்கே கிடையாது என்று வெளிப்படையாக மறுத்து, அது மற்றவருக்குத் தெரிந்தே காலம் கழிந்தது என்று நிரூபித்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

பாட்டன் வழி வந்த பூர்வீக வீடாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி போகும், ஆனால் மகளை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும், கல்யாணமான மகள்களுக்கும் சேர்த்து மத்திய சட்டம் வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகம் பிரிந்தோ விற்றோ முடிந்துபோனவற்றை மட்டும் இந்த மத்திய சட்டம் தொடுவதில்லை.

மகளையாவது ஊருக்குத் தெரியும். யாருக்கும் நினைவு வராத வாரிசு ஒருவர் உண்டு: செத்தவரின் தாயார். மகன் இறக்கும்போது தாய் உயிரோடு இருந்தால், மனைவி மக்களோடு சேர்த்து அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு. பிறகு அந்தப் பாட்டி காலமானால் அவருடைய பங்கு பேரப் பிள்ளைகளுக்கு மட்டும் போவதில்லை. பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, பெரியப்பா, அத்தைகளுக்கும் போகும். கொஞ்சமாகத்தான் இருக்கும், பதினெட்டில் ஒன்று, இருபதில் ஒன்று என்று. ஆனால் அத்தைக்கு வீட்டாரோடு மனத்தாங்கல் இருந்தால் அந்த இருபதில் ஒன்றை வைத்துக்கொண்டே பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்க வைக்கலாம்.

இன்னும் சில பேர் உண்டு. தகப்பனாருக்கு முன்பே மகள் இறந்திருந்தால் அவளுடைய பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு, அவள் கணவருக்கு இல்லை. தகப்பனாருக்குப் பின் மகள் இறந்திருந்தால், அவள் பங்கில் பிள்ளைகளோடு கணவரும் சேர்ந்துகொள்வார். ஆகவே யார் முந்தி, யார் பிந்தி என்று இறப்புத் தேதியைப் பார்ப்பது முக்கியம். மூத்த தாரம் இருக்கும்போதே கட்டிக்கொண்ட இரண்டாம் தாரத்துக்கு, 1955க்குப் பிறகு நடந்த கல்யாணமானால், பங்கு கிடையாது. ஆனால் அந்தத் தாரத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பனார் சொத்தில் பங்கு உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாங்குகிறவர்தான் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மைனர் பிள்ளை பங்கு இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை. தகப்பனை இழந்த பிள்ளைகளின் பங்கைத் தாய் கார்டியனாகக் கையெழுத்திட்டு விற்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. கோர்ட் அனுமதி இல்லாமல் அப்படி விற்றால், பிள்ளை பதினெட்டு வயது முடிந்து மூன்று வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது என்றால், பதினாலு வருஷம் நீங்கள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கோர்ட் அனுமதி வாங்கச் சில மாதம் ஆனாலும் பரவாயில்லை, காத்திருங்கள்.

நான் சொன்ன பங்குக் கணக்கெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பத்துக்கு அவர்கள் சமயச் சட்டப்படி வேறு கணக்கு. கணக்கு எதுவானாலும் பெண் மக்களுக்குப் பங்கு இல்லாத குடும்பம் எதுவும் இல்லை.

இனி, வீடு பார்த்துப் பேச்சு எழுந்ததும் என்ன செய்ய வேண்டும்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், விற்கிறவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் வம்சாவளியை எழுதுங்கள். மூலப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆளை மேலே போட்டு, அவருக்கு யார் யார், அவர்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கிளை கிளையாக இறங்கி வாருங்கள். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் பேர் விட்டுப் போவதும் உண்டு. அதனால் சான்றை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தில் நாலு பெரியவர்களையும் விசாரியுங்கள். பழைய காலத்தில் கர்ணத்தைக் கேட்டால் வாய்ப்பாடாக ஒப்பிப்பார். 1980இல் அந்தப் பதவி போய்விட்டது. இன்றைக்கு மாறி மாறி வரும் கிராம நிர்வாக அதிகாரிக்கு உங்கள் தெருவின் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. தெருவில் வெற்றிலை இடிக்கும் கிழவிக்குத் தெரியும்.

வம்சாவளியில் உயிரோடு இருப்பவர் அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவராகவே கையெழுத்திட வேண்டும். அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து முன்னதாகவே விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். வெள்ளைத் தாளிலோ, இருபது ரூபாய் முத்திரைத் தாளிலோ எழுதி வாங்கின "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற கடிதம் போதாது. வெளியூரில் இருக்கிறவர், வர முடியாது என்றால், அவர் குடியிருக்கும் ஊர்ச் சார்பதிவாளர் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கிறவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்ப வேண்டும். அது வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் இறந்துபோனால் அதிகாரமும் சாதாரணமாக அன்றோடு முடிந்தது. ஆகவே கிரயத் தேதியில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரப் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, வீடு எனக்கு வந்துவிட்டது என்று இருக்கவும் கூடாது. அப்படி உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"எல்லாரையும் எங்கே கூட்டி வர்றதுங்க, எங்க பங்கை மட்டும் வாங்கிக்குங்க, விலையைக் குறைச்சுத் தர்றோம்" என்று சிலர் சொல்வார்கள். குடியிருக்கும் குடும்ப வீட்டில் பிரியாத பங்கை வெளியாள் வாங்கினால், அந்தக் குடும்பத்தாரோடு கூட்டாக அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கு இல்லை. பாகம் பிரிக்க வழக்குப் போட வேண்டும். போட்டால், குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் எழுந்து, இவர் பங்கைக் கோர்ட் மதிப்பில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது 1893ஆம் வருஷத்துப் பாகப் பிரிவினைச் சட்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் பணம் மட்டும் திரும்பும், வீடு கிடைக்காது.

எல்லோரும் சம்மதித்த பிறகு கிரய ஒப்பந்தம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இதையும் பதிவு செய்யத்தான் வேண்டும். அட்வான்ஸ் பணம் இருபதாயிரமோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 2015லிருந்து அப்படி விதி. பின்னால் தகராறு வந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சியும் ஆகும். செலவுக் கணக்கும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. 8 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 72,000 ரூபாய். 10 லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒன்று குறைவு. அப்போது 64,000 ரூபாய். எட்டாயிரம் மிச்சம். நகையைக் கழற்றிக் கொடுத்த வீட்டம்மா பேரில் வாங்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதில் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை" என்று பத்திரத்தில் ஒரு வரி வரும். எழுத்தர் வழக்கமாகப் போடும் வரி என்று நினைத்துக் கையெழுத்திடாதீர்கள். பின்னால் பங்குதாரர் ஒருவர் முளைத்தால் நஷ்டத்துக்கு நீங்கள்தான் ஜவாப்தாரி. தங்கையிடம் பேச வேண்டியதை அட்வான்ஸ் கை நீட்டி வாங்குவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். அப்புறம் பேசினால் பேரத்தில் உங்கள் கை இறங்கிப் போகும். இன்னொன்று, பாக்கிப் பணம் வராமல் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், பணம் வரவில்லை என்ற காரணத்துக்காகக் கிரயம் ரத்தாகாது. பணத்துக்குத்தான் நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதிய நேயருக்கு வருகிறேன். வருத்தமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது அத்தனையும் சரியானால், அந்த அம்மாள் கேட்பது அவருடைய சொத்து. அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவரை மறைத்து விற்றவர்கள் அண்ணன்மார்கள். ஆகவே அவர் மேல் கோபப்பட்டு, "கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்று பதில் நோட்டீஸ் விட வேண்டாம். மேற்கொண்டு கட்டட வேலை எதுவும் செய்யாதீர்கள். பத்திரத்தில் விற்றவர்கள் நஷ்ட ஈடு கொடுப்பதாக எழுதியிருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். அண்ணன்மார் இருவரையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உட்கார வைத்து, தங்கையின் பங்குக்கு உண்டான பணத்தை, இன்றைய மதிப்பில், அவர்களைக் கொடுக்கச் சொல்லுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் தம் மூன்றில் ஒரு பங்குக்கு உங்கள் பேரில் தனியாக ஒரு கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தால் வீடு முழுதும் உங்களுடையது. வாய்ப் பேச்சாகவோ பஞ்சாயத்துக் காகிதத்திலோ முடித்துக்கொள்ள வேண்டாம்.

அது நடக்காமல் வழக்கு வந்துவிட்டாலும், மக்கள் நீதிமன்றத்தில் வைத்துச் சமரசம் செய்துகொள்ளலாம். அங்கே ஆகும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அந்த அம்மாளும் அங்கே போகலாம், வீட்டை மனைவி பேரில் வாங்கியிருந்தால் உங்கள் வீட்டம்மாவும் போகலாம். போகும்போது மூலப் பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், தகப்பனார் தாயார் இருவரின் இறப்புச் சான்று, வந்த நோட்டீஸ் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீசில் பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கெடுவுக்குள்ளேயே போய்விடுங்கள்.